இரண்டு உடம்பு

குச்சி என்று அவளுக்குப் பேர் விழுந்தது சலவைக்கூடத்தில்தான். வேலைக்குச் சேர்ந்த அன்றைக்கு, ஈர விரிப்பு குவிந்த வண்டியை அவள் தள்ளப் போக, வண்டி நின்ற இடத்திலேயே நிற்க, அவள் மட்டும் பின்னால் வழுக்கிக்கொண்டு போனாள். இஸ்திரி உருளையில் நின்ற உருளைக்காரிகள் கைவேலையை விட்டுவிட்டுச் சிரித்தார்கள். "ஜன்னலைச் சாத்துங்கடி, காத்துல இந்தக் குச்சி பறந்துடப் போவுது" என்றாள் ஒருத்தி. அதோடு பெற்றவர்கள் வைத்த பேர் போயே போய்விட்டது. அவளுக்கு அதில் வருத்தம் ஒன்றுமில்லை. ஒல்லியாக இருப்பதில் உள்ளூர ஒரு பெருமைகூட உண்டு. அவள் வம்சமே அப்படித்தான். "நம்ம வம்சத்துல தொப்பைன்னு ஒண்ணை எவனும் கண்டதில்ல" என்பார் அவள் அப்பா. சொல்லிவிட்டு, முழங்காலுக்குக் கீழே இல்லாத இடது காலைத் தடவப் போய், கை வெறும் நாற்காலியில் பட்டதும் எடுத்து மடியில் வைத்துக்கொள்வார்.

அப்பா பெயிண்டராக இருந்தவர். உயர உயரக் கட்டடங்களின் சுவரில் பல்லி மாதிரி ஒட்டிக்கொண்டு வேலை பார்த்த மனுஷன். ஒரு ஆணி காலில் ஏறியது. ஆறவில்லை. முதலில் விரல், பிறகு பாதம், பிறகு முழங்கால் வரை என்று சர்க்கரை அவரைக் கொஞ்சம் கொஞ்சமாக வாங்கிக்கொண்டது. வயசானால் வருவதுதானே என்று எல்லாரும் சொன்னார்கள். அவருக்கு அப்போது அப்படியொன்றும் வயசாகிவிடவில்லை. அம்மா முன்பே போய்விட்டதால் மகளோடும் மாப்பிள்ளையோடும் வந்து ஒண்டிக்கொண்டார். தெருவை ஒட்டிய தரைவீடு. முன்னறை ஜன்னலோரம் அவர் நாற்காலி. பின்னறை மகளுக்கும் மருமகனுக்கும். இடையில் ஒரு ஆள் திரும்பினால் இன்னொரு ஆள் வெளியே போக வேண்டிய சமையலறை. மாப்பிள்ளை பஸ் ஓட்டுகிறவன். நாளெல்லாம் சத்தத்தில் கிடப்பதால் வீட்டில் அதிகம் பேசமாட்டான். பேசினால் நல்லதாகத்தான் பேசுவான்.

சலவைக்கூடத்தில் வந்து விழுவதெல்லாம் ஊரில் யார் யாரோ படுத்தெழுந்த விரிப்பு. விடுதி விரிப்பு, ஆஸ்பத்திரி விரிப்பு. அந்தக் கோடியில் பெரிய பெரிய துவைக்கும் எந்திரங்கள். இந்தக் கோடியில் இஸ்திரி உருளை. இரண்டு பேர் ஈர விரிப்பின் முனைகளைப் பிடித்து உருளைக்கு ஊட்டுவார்கள். மறுபக்கம் அது காய்ந்து, சுடச்சுட, மொடமொடவென்று வெளியே வரும். அங்கே இரண்டு பேர் பிடித்து மடிக்க வேண்டும். ஆளுக்கு இரண்டு முனையைப் பிடித்து எதிரெதிரே நடந்து வந்து, கையோடு கை சேர்த்து, மறுபடி விலகி, மறுபடி சேர்ந்து. வெளியே மழை கொட்டினாலும் உள்ளே கோடைதான். மூக்கு முழுக்கப் பஞ்சுத்தூசி.

மடிப்பதில் குச்சிக்கு ஜோடி பூனைக்கண்ணி. அவள் வேறு இனத்துக்காரி. அவளுடைய பாட்டன் பூட்டன் குளிர்நாட்டிலிருந்து வந்தவர்கள். வெளுத்த தோல், பச்சைக் கண், கதவை அடைத்துக்கொண்டு நிற்கிற உடம்பு. உருளைக்காரிகளோடு பழகிப் பழகித் தமிழ் பேசக் கற்றுக்கொண்டிருந்தாள். ஆனால் மரியாதை மட்டும் பிடிபடவில்லை. சூப்பர்வைசரையே "நீ வா, இந்த மெஷின் பாரு" என்பாள். அவரும் முதலில் முறைத்து, பிறகு சிரித்து, பிறகு விட்டுவிட்டார்.

இருவரையும் சேர்த்தது கழிப்பறைக் கண்ணாடி. ஒரு டீ நேரத்தில் குச்சி கதவைச் சரியாகத் தாழிடாமல், கண்ணாடியில் மோவாயைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, சின்ன இடுக்கியால் முடி பிடுங்கிக்கொண்டிருந்தாள். பூனைக்கண்ணி சடாரென்று உள்ளே வந்தாள். குச்சி கையைப் பின்னால் மறைத்தாள். திருடி அகப்பட்டது போல முகம் கறுத்துவிட்டது. பூனைக்கண்ணி தன் பையைத் துழாவி, அதேபோல ஒரு இடுக்கியை எடுத்துக் கண்முன் ஆட்டினாள்.

"உனக்கும் தாடியா?"

குச்சிக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. இரண்டு பேரும் சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள்.

"மாசாமாசம் வருதா உனக்கு?" என்று கேட்டாள் பூனைக்கண்ணி.

"எங்க வருது? நினைச்சா வரும். வந்தா போகாது. கூப்பிடாம வந்த விருந்தாளி கணக்கா உட்கார்ந்துக்கும்."

"எனக்கும் அதே விருந்தாளி." அவள் தன் வயிற்றைத் தட்டினாள். "என் புருஷன் குழந்தை கேக்குது. நான் எங்க போய் வாங்குறது?"

"என் வீட்டுல கேக்கறதில்ல. அதான் கஷ்டம்."

அந்த மாதமே இருவரும் ஒரே நாளில் லீவு போட்டுவிட்டுக் கிளினிக்குக்குப் போனார்கள். வயிற்றில் குளிர்ந்த களிம்பைத் தடவிப் படம் எடுத்தார்கள். இரண்டு பேருக்கும் ஒரே பதில். கர்ப்பப்பைக்குப் பக்கத்தில், சினைப்பையில் நீர்க்கட்டிகள், மாலை கோத்த மாதிரி. அதனால்தான் மாதவிலக்கு தவறுகிறது, அதனால்தான் முடி, அதனால்தான் குழந்தை தங்கவில்லை.

டாக்டரம்மா இருவரையும் எடை பார்த்தாள். அவள் முதுகுக்குப் பின்னால் சுவரில் ஒரு அட்டை. பச்சை, மஞ்சள், சிவப்பு என்று கட்டம் கட்டமாக. உயரத்தையும் எடையையும் வைத்து விரலால் கோடு இழுத்தாள். பூனைக்கண்ணியின் கோடு சிவப்பில் போய் முட்டியது.

"இந்த நீர்க்கட்டி இருந்தா சர்க்கரை வரும், கொழுப்பு வரும், பிரஷர் வரும். நீ இந்த எடையில இருந்தா சீக்கிரமே வரும். ரொட்டியைக் குறை. நட. இன்னைக்கே ரத்தம் கொடுத்துட்டுப் போ."

குச்சியின் கோடு பச்சையின் நடுவில் நின்றது.

"எனக்கும் எடுக்கணுங்களா டாக்டர்?"

"உனக்கு எதுக்கும்மா? எலும்பு எண்ணலாம் போல இருக்கே. நீ நல்லாச் சாப்பிடு, போதும்."

வெளியே வந்ததும் பூனைக்கண்ணி பொருமித் தீர்த்தாள். "ஒரே நோய். எனக்குத் திட்டு, உனக்குச் சாப்பாடு!"

"அதுக்கெல்லாம் குடுத்து வெச்சிருக்கணும்டி" என்று குச்சி இடுப்பில் கை வைத்துக்கொண்டு ஒரு நடை நடந்து காட்டினாள்.

பூனைக்கண்ணியின் ரத்தத்தில் ஒன்றும் இல்லை. சர்க்கரை இல்லை, கொழுப்பு இல்லை. டாக்டரம்மாவுக்கே நம்பிக்கை வராமல் மறுபடி எடுக்கச் சொன்னாள். மறுபடியும் இல்லை. "ஆனாலும் ஜாக்கிரதை" என்று வழியனுப்பினாள். குச்சியின் ரத்தத்தை யாரும் எடுக்கவில்லை. எடுத்திருந்தால் என்ன இருந்திருக்கும் என்று அப்போது யாரும் யோசிக்கவும் இல்லை.

வீட்டில் சாயங்காலம் அப்பாவின் கால் கட்டை அவிழ்த்துத் துடைத்துக்கொண்டே அவள் விஷயத்தைச் சொன்னாள். "நீர்க்கட்டியாம். மாத்திரை சாப்பிட்டா சரியாப் போயிடுமாம். மத்தபடி உடம்பு நல்லா இருக்குன்னுட்டாங்க."

"நல்லா இல்லாம? ஒல்லி உடம்புக்கு நோய் அண்டாது" என்றார் அப்பா. எலும்பும் தோலுமாக உட்கார்ந்துகொண்டு, ஒற்றைக் காலோடு. அதைக் கேட்டு மகளும் தலையாட்டினாள். மருமகனும் சட்டையைக் கழற்றி மாட்டியபடி தலையாட்டினான்.

கரு தங்குவதற்கென்று இருவருக்கும் மாத்திரை கொடுத்திருந்தார்கள். முந்திக்கொண்டது குச்சிதான். இரண்டு மாசம் வராததை வழக்கமான தவறுதல் என்று விட்டிருந்தாள். உருளைச் சூட்டில் தலை சுற்றியபோது பூனைக்கண்ணிதான் பிடித்து இழுத்துக்கொண்டு போனாள். உறுதி என்று தெரிந்ததும் குச்சியைத் தூக்கி ஒரு சுற்றுச் சுற்றி இறக்கினாள். "நீ பாஸ்! நான் அடுத்த வருஷம் பரீட்சை எழுதும்!"

வீட்டில் பஸ் டிரைவர் அன்றைக்கு முதல் தடவையாக விசிலடித்தான். சமையலறையில் அவள் நின்ற இடத்தில் அவன் நின்று முட்டை பொரித்தான். ஓடு கொஞ்சம் விழுந்துவிட்டது. மூன்று பேரும் கடக் கடக்கென்று கடித்துச் சாப்பிட்டார்கள். அப்பா, "ஆம்பளப் பிள்ளைன்னா என் பேரு வைக்கணும், பொம்பளப் பிள்ளைன்னா அவ பாட்டி பேரு" என்று சட்டம் போட்டார். "ரெண்டுமே நல்லா இல்ல மாமா" என்றான் மருமகன். அந்த வீட்டில் அவ்வளவு சிரிப்பு அதற்கு முன்பும் கேட்டதில்லை, பிறகும் கேட்கவில்லை.

எல்லாரும் அவளைத் தின்ன வைத்தார்கள். அண்டை வீட்டுக்காரி பாலில் சர்க்கரை போட்டுக் கொண்டுவந்தாள். உருளைக்காரிகள் ஆளுக்கொரு பழம் நீட்டினார்கள். புருஷன் டிப்போ வாசலில் இனிப்பு ரொட்டி வாங்கி வந்தான். "பிள்ளைக்குச் சாப்பிடு, பிள்ளைக்குச் சாப்பிடு." அவளும் சாப்பிட்டாள். எவ்வளவு சாப்பிட்டாலும் கன்னம் ஒட்டித்தான் கிடந்தது. வயிறு மட்டும் பெருத்தது.

பிறகு தாகம் வந்தது. சாதாரணத் தாகமில்லை. பாட்டிலைக் கவிழ்த்துக் குடித்து முடித்து வாயைத் துடைப்பதற்குள் நாக்கு மறுபடி காய்ந்துவிடும். குடித்ததெல்லாம் போய்க்கொண்டே இருக்கும். விரிப்பைப் பாதியில் விட்டுவிட்டு ஓடுவாள்.

"என்னம்மா, வாய்க்கால் வெட்டி விட்டுட்டாங்களா உனக்குள்ள?" என்றார் சூப்பர்வைசர். கெட்ட மனுஷன் இல்லை. அவருக்கு உருளை நிற்கக் கூடாது, அவ்வளவுதான்.

"பிள்ளைத்தாச்சிக்கு அப்படித்தான் சார் இருக்கும்" என்று மற்றவர்கள் பரிந்து பேசினார்கள். உருளைச் சூட்டுக்குத் தாகம் எடுக்கத்தான் செய்யும். வயிறு அழுத்தினால் ஓடத்தான் வேண்டும். கண் மங்குவது தூக்கமில்லாததால். வண்டிச் சக்கரத்தில் நசுங்கிய விரல் ஆறாமல் இருப்பது ஈரத்தில் நிற்பதால். ஒவ்வொன்றுக்கும் ஒரு காரணம் கையருகே தயாராக இருந்தது.

பூனைக்கண்ணிக்கு மட்டும் மனசு கேட்கவில்லை. "என்னை ரெண்டு வாட்டி குத்திச்சு. உன்னை ஒரு வாட்டி குத்தல. நீ கேளு."

குச்சி கேட்டாள். சும்மா சொல்லக் கூடாது, வாய்விட்டே கேட்டாள். மாதாந்திரப் பரிசோதனைக்குப் போனபோது, வயிற்றை அளந்துகொண்டிருந்த நர்ஸிடம், "எனக்குச் சர்க்கரை பாக்கலாமாம்மா? எங்கப்பாவுக்கு இருக்கு" என்றாள்.

"அப்பாவுக்கு எத்தனை வயசு?"

சொன்னாள்.

"வயசானா வரும்மா. அந்த டெஸ்ட் குண்டா இருக்கறவங்களுக்குத்தான் எழுதறது. உன்னைப் பாரு, ஊதினா விழுந்துடுவே." நர்ஸ் நாடாவைச் சுருட்டிக்கொண்டு சிரித்தாள். "பிள்ளை நல்லா வளர்ந்திருக்கு. மாசத்துக்கு மீறின வளர்த்தி. அம்மாக்காரியோட சத்தெல்லாம் இவன் உறிஞ்சிட்டான் போல."

அதைக் கேட்டதும் குச்சிக்குக் கேட்க வந்ததே மறந்துபோயிற்று. வீட்டுக்கு வந்து, "மாசத்துக்கு மீறின வளர்த்தியாம்" என்று அப்பாவிடமும் புருஷனிடமும் தனித்தனியாகச் சொன்னாள்.

எட்டாம் மாதம். வேலையை அந்த வாரக் கடைசியோடு நிறுத்துவதாக இருந்தது. மத்தியானம், மழை இருட்டிக்கொண்டு நின்றது. விரிப்பின் முனைகளோடு பூனைக்கண்ணியை நோக்கி நடந்து வந்தவள் கையைச் சேர்க்காமல் நின்றுவிட்டாள்.

"என்ன?"

"காலையிலேர்ந்து உதைக்கவே இல்லடி."

"தூங்குது."

"இவ்வளவு நேரமா?"

பூனைக்கண்ணி விரிப்பைக் கீழே போட்டுவிட்டு அவள் வயிற்றில் இரண்டு கையையும் வைத்தாள். உருளையிலிருந்து அடுத்த விரிப்பு வந்து தரையில் சரிந்தது. அடுத்ததும் வந்து அதன்மேல் விழுந்தது. யாரோ கத்தினார்கள். பூனைக்கண்ணி திரும்பிப் பார்க்கவில்லை. கையை அங்கே இங்கே மாற்றி மாற்றி வைத்தாள். பிறகு குச்சியின் தோளை அணைத்துக்கொண்டு வாசலுக்கு நடத்தினாள். சூப்பர்வைசர் ஓடிவந்து முகங்களைப் பார்த்தார். சரக்கு வேனை எடுக்கச் சொன்னார். அழுக்கு மூட்டைகளுக்கு நடுவில் உட்கார்ந்து இருவரும் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனார்கள்.

அங்கே வயிற்றில் கருவியை வைத்த பெண் திரையைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டாள். அப்போதே குச்சிக்குத் தெரிந்துவிட்டது. ஒருவரை ஒருவர் கூப்பிட்டுக்கொண்டு அடுத்தடுத்து மூன்று பேர் வந்து பார்த்தார்கள்.

செத்த பிள்ளையையும் பெற்றுத்தான் ஆக வேண்டும். அதற்காக வலி ஒன்றும் குறையவில்லை. பக்கத்து அறையில் ஒரு பிள்ளை பிறந்து அழுதது. அவள் உள்ளிருந்து வந்தது அழவில்லை. துணியில் சுற்றிக் கொண்டுவந்து கொடுத்தார்கள். ஆண் பிள்ளை. மடிப்பு மடிப்பாகத் தொடை, உப்பின கன்னம், குண்டு விரல்கள். அவள் வம்சத்தில் எவனும் கண்டிராத தொப்பை. "எவ்வளவு கொழுகொழுன்னு…" என்று ஆரம்பித்த ஆயா வாயைப் பொத்திக்கொண்டாள். டிரைவர் சீருடையிலேயே வந்திருந்தான். பிள்ளையை வாங்கத் தெரியாமல் வாங்கி, கொஞ்ச நேரம் நின்றே வைத்திருந்து, "கனமா இருக்கான்" என்றான்.

மறுநாள் டாக்டர் வந்து கட்டிலோரம் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். நரைத்த மனுஷன். நல்லவிதமாகவே பேசினார்.

"உங்க ரத்தத்துல சர்க்கரை ரொம்ப அதிகம். பிள்ளை தங்கினதுக்கு அப்புறம் வந்ததில்லம்மா. முன்னாடியே இருந்திருக்கு. கண்ணோட நரம்புலகூடக் கொஞ்சம் சேதம் தெரியுது. அதனாலதான் பிள்ளை அவ்வளவு பெருத்திருக்கு, அதனாலதான்…" நிறுத்தினார். "நீர்க்கட்டி இருக்குன்னு எப்போ சொன்னாங்க?"

அவள் சொன்னாள். பச்சைக் கட்டத்தையும் சொன்னாள்.

டாக்டர் கண்ணாடியைக் கழற்றி மூக்கைத் தேய்த்துக்கொண்டார். "அந்தக் கட்டம் உங்க ஆளுங்களுக்குப் போட்டதில்லம்மா. வேற ஆளுங்க உடம்பை அளந்து போட்டது. அவங்களுக்கு உடம்பு பெருத்தாத்தான் சர்க்கரை எட்டிப் பார்க்கும். அதுவும் எல்லாருக்கும் வராது. உங்க பக்கத்து ஜனங்களுக்கு வெளியில ஒல்லியா இருந்தாலும் கொழுப்பு உள்ளுக்குள்ள போய் ஒளிஞ்சுக்கும். அதுலயும் இந்த நீர்க்கட்டி இருக்கற பொண்ணுங்கன்னா இன்னும் சீக்கிரம். எடையே பார்க்காம ரத்தம் எடுத்திருக்கணும்."

"இது எப்போலேர்ந்து தெரியும் டாக்டர்?"

"எது?"

"எங்க ஆளுங்களுக்கு இப்படின்னு."

அவர் கண்ணாடியை மறுபடி மாட்டிக்கொண்டார். "தெரியும்மா. ரொம்ப நாளாவே தெரியும்."

"ஓ" என்றாள் குச்சி. தெரியாமல் போன ஒன்றுக்காக என்றால் அழுது தீர்த்திருக்கலாம். ஊருக்கெல்லாம் தெரிந்து, தன் காதுக்கு மட்டும் வந்து சேராத ஒன்றுக்கு எப்படி அழுவதென்று அவளுக்குத் தெரியவில்லை. சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள்.

வீட்டில் பிள்ளையைப் பற்றி யாரும் பேசவில்லை. பேசக் கூடாதென்று யாரும் சொல்லவில்லைதான். முன்னறையில் மாட்டி வைத்திருந்த சின்னத் தொட்டிலை அவள் வருவதற்கு முன்பே புருஷன் கழற்றி எங்கேயோ கொண்டுபோய்விட்டிருந்தான். மேல் உத்தரத்தில் கொக்கி மட்டும் இருந்தது. அவன் கூடுதல் ஷிப்டு கேட்டு வாங்கிக்கொண்டு ஓட்டினான். வந்தால் சாப்பிட்டான், படுத்தான். ஒருநாள் மட்டும் துவைக்கும் கல்லருகே அவள் பின்னால் வந்து நின்று, "இன்னொண்ணு வேணாம். நீ இருந்தாப் போதும்" என்றான். ஆறுதலுக்குச் சொன்னான். அவளுக்கு அது கதவைச் சாத்துகிற சத்தமாகக் கேட்டது.

ஆஸ்பத்திரியில் அவளுக்கும் அப்பாவைப் போலவே சர்க்கரைக்கு ஊசி எழுதிக் கொடுத்திருந்தார்கள். அப்பாவோ தன் ஊசியை நிறுத்திவிட்டார். அது அவளுக்குச் சில நாள் கழித்துத்தான் தெரிந்தது. மருந்துக் குப்பி குறையவே இல்லை. கால் கட்டில் வாடை வந்தது.

"ஏம்ப்பா?"

அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

"உங்களைத்தான் கேக்கறேன். ஏன் போட்டுக்கல?"

"என் ரத்தம்தானே உனக்கு ஓடுது" என்றார் ஜன்னலைப் பார்த்துக்கொண்டு. "டாக்டர் சொன்னதை மாப்பிள்ளை சொன்னாரு. ஒல்லியா இருக்கறவனுக்கு வராதுன்னு நான்தானே ஜம்பம் அடிச்சேன். எனக்கே வந்து காலு போய்க் கிடக்கு. அப்பக்கூடப் புத்தியில படலியே. உன் பிள்ளைய நான்தான் தின்னுட்டேன்."

"உளறாதீங்க."

"எலும்பும் தோலுமா இருந்துகிட்டு நான் சர்க்கரைன்னு போய் நின்னப்போ, ஒருத்தன்… ஒரே ஒருத்தன், ஏம்ப்பா உனக்குப் பிள்ளைங்க இருக்கான்னு கேட்டானா? கேட்கலியே. காலை வெட்டறதுக்கு எத்தனை பேர் வந்து நின்னாங்க!"

அவர் அழுது அவள் பார்த்ததில்லை. கால் போனபோதுகூட ஆஸ்பத்திரியில் எல்லாரையும் சிரிக்க வைத்தவர். இப்போது வாய் கோணிக்கொண்டது. அவளுக்கு இரக்கத்தைவிடக் கோபம்தான் முந்தி வந்தது.

"நீங்களும் செத்துட்டா நான் யார்கூடச் சேர்ந்து இந்த ஊசியைக் குத்திக்கறது? சொல்லுங்க. தனியாக் குத்திக்கச் சொல்றீங்களா?"

அப்பா கண்ணைத் துடைத்துக்கொண்டார். பிறகு சட்டையைத் தூக்கிக்கொண்டார். அவள் அவருக்குப் போட்டுவிட்டு, வேறு ஊசி எடுத்துத் தனக்குப் போட்டுக்கொண்டாள். வயிறு இன்னும் வற்றாமல் தொங்கிக் கிடந்தது. ஊசி இறங்குவதைப் பார்க்க மாட்டாமல் அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். அன்றிலிருந்து இரண்டு பேருக்கும் ஒரே நேரத்தில் ஊசி, ஒரே அளவில் சோறு. அவர் பிழைத்துக் கிடந்தார். அதற்கு மேல் அதில் சொல்வதற்கு ஒன்றும் இல்லை.

அவள் வேலைக்குத் திரும்பியபோது மடிக்கும் பக்கத்தில் வேறொருத்தி நின்றாள். பூனைக்கண்ணி லீவில் இருக்கிறாள் என்றார்கள். ஏன் என்று கேட்டதற்கு ஆளுக்கொரு பக்கம் பார்த்தார்கள். கடைசியில் சூப்பர்வைசர்தான் தலையைச் சொறிந்துகொண்டு, "அந்தப் பொண்ணு முழுகாம இருக்கும்மா. உன்கிட்ட எப்படிச் சொல்றதுன்னு அழுதுகிட்டே லீவு கேட்டுச்சு" என்றார்.

"நல்ல விஷயம்தானே சார்" என்றாள் குச்சி. சொல்லிவிட்டு அன்றைக்கு ஷிப்டு முடியும்வரை புதியவளோடு மடித்தாள். புதியவளுக்கு வேகம் போதவில்லை. சர்க்கரையில் குச்சியின் பாதம் மரத்துப் போயிருந்ததால் அவளாலும் முன்போல நடக்க முடியவில்லை. இருவரும் மாறி மாறித் தடுமாறினார்கள்.

அதே நீர்க்கட்டி. அதே மாத்திரை. பூனைக்கண்ணி ரொட்டியைக் குறைக்கவும் இல்லை, நடக்கவும் இல்லை. அவளுக்கு ஒன்றும் ஆகவில்லை. ஆகட்டும் என்று குச்சி நினைத்ததும் உண்டு. ஊசி ஏற்றிக்கொள்ளும் நேரத்தில், ஒரு கணம், அவளுக்கும் ஆகட்டும் என்று. நினைத்த மறுகணமே நாக்கைக் கடித்துக்கொண்டாள். நினைத்தது நினைத்ததுதான்.

பூனைக்கண்ணி வந்தது அடுத்த மழைக்காலமும் முடிந்து வெயில் ஏறின ஒரு ஞாயிற்றுக்கிழமைக் காலையில். கைக்குழந்தையோடு, சொல்லாமல் வந்தாள். வாசலில் குரல் கேட்டதும் குச்சி சமையலறைக்குள் போய்விட்டாள். அங்கே செய்வதற்கு வேலை ஒன்றும் இல்லை. கழுவிய பாத்திரத்தையே எடுத்து மறுபடி கழுவினாள்.

முன்னறையில் அப்பா, "வாம்மா, உட்காரு, என்ன இவ்வளவு நாளா…" என்றார். "பொண்ணா?"

"பொண்ணு."

"குடு இப்படி. கையில கால் இல்லைன்னு பயப்படாதே, கை நல்லாத்தான் இருக்கு." தான் சொன்னது தப்பாகப் போனது தெரிந்து அவரே கொஞ்சம் சிரித்தார். பிறகு குழந்தையிடம் ஏதேதோ முனகும் சத்தம். குச்சி குழாயை நன்றாகத் திறந்துவிட்டாள். தண்ணீர்ச் சத்தத்தையும் மீறி அது கேட்டது.

பூனைக்கண்ணியின் உடம்பு சமையலறை வாசலை அடைத்தது.

"நீ கோபமா இருக்கு, என் மேல."

குச்சி தலையை ஆட்டினாள். இல்லை என்றுதான்.

"நான் வரலை. பயம். நீ என்னைப் பார்த்தா உனக்கு வலிக்கும். வரலைன்னாலும் வலிக்கும். அதான் எனக்குத் தெரியலை." அவள் மூக்கை உறிஞ்சினாள். "சிவப்பு நான். பச்சை நீ. எனக்குத்தான் வந்திருக்கணும் அது. டாக்டர் என்னைத்தானே சொல்லிச்சு."

"உனக்கு ஏண்டி வரணும்?" என்றாள் குச்சி. குரல் கீச்சென்று வந்தது. "உன் மேல கோபமில்ல. யார் மேலன்னு இருந்தாத்தானே படலாம்."

பூனைக்கண்ணி கையை நீட்டிக் குழாயை மூடினாள். குச்சி ஈரக் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு, அவளைத் தாண்டி முன்னறைக்குப் போனாள்.

அப்பாவின் மடியில் குழந்தை கிடந்தது. வெளுத்த தோல். கண் இன்னும் எந்த நிறம் என்று முடிவாகவில்லை. காலை உதைத்துக்கொண்டிருந்தது, ஓயாமல். அப்பா மகளைப் பார்த்ததும் குழந்தையைக் கொடுக்கலாமா கூடாதா என்று விழித்தார். அப்போதுதான் டிரைவர் டூட்டி முடிந்து வந்து செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்தான். வாசலைத் தாண்டாமல் அங்கேயே நின்றுவிட்டான்.

குச்சி குனிந்து குழந்தையை எடுத்தாள். தலைக்கடியில் ஒரு கை, இடுப்புக்கடியில் ஒரு கை. எடுத்து மார்போடு சேர்த்து, பழகியவள் போல லேசாகத் தூக்கிப் பார்த்தாள். ஒரு தடவை. இன்னொரு தடவை.

"என் பிள்ளை இதைவிடக் கனம்" என்றாள்.